வெளிநாட்டில் மூன்று நான்கு வருடம்தான் இருக்கப் போகிறோம்: ஆசைப்பட்ட இரண்டு சீட் வண்டியா, எல்லோரும் சொல்லும் எஸ்யூவியா?

கேள்வி இது: வேலைக்காக மூன்று நான்கு வருடம் வெளிநாட்டு வாசம். மனசு கேட்பது மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி இரண்டு சீட்டும் திறக்கும் கூரையும் உள்ள ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் வண்டி. வீட்டிலும் நண்பர்களும் "குடும்பஸ்தனுக்கு எதுக்கு அது, எஸ்யூவி வாங்கு" என்கிறார்கள். எதை வாங்குவது?

"முதலில் பொறுப்பான வண்டி, ஆசையெல்லாம் அப்புறம்" என்ற பதில் சொல்வதற்குச் சுலபம். சொந்த ஊரில் இருபது வருடம் உட்காரப் போகிறவருக்கு அது பொருந்தலாம். நீங்கள் போன இடத்தில் மூன்று வருடம் ஓட்டிவிட்டு விற்கப் போகிறவர். உங்களுக்கு டிக்கி அளவைவிட நான்கு விஷயங்கள் முக்கியம்: லைசென்ஸ், இன்சூரன்ஸ், ராத்திரி வண்டி நிற்கும் இடம், விற்றுவிட்டுக் கிளம்பும் மாதம். இருவரோ, இருவரும் ஒரு கைக்குழந்தையுமோ வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், அந்த நாட்டில் ஓட்டிய வரலாறு கையில் இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்று பிள்ளைகள் என்றால் கேள்வியே இல்லை, பெரிய வண்டிதான்; அதற்காக யாரும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

ஓட்டி ரசிக்கும் வண்டிகளில் பல கையால் கியர் போடும் மேனுவல் வண்டிகள். அதனால் வண்டியைப் பார்க்கும் முன் லைசென்ஸைப் பாருங்கள். பிரிட்டனில் வெளிநாட்டு லைசென்ஸோடு 12 மாதம் ஓட்டலாம். உங்கள் நாட்டோடு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இல்லையென்றால் அதற்குப் பின் அங்கேயே தேர்வு கொடுக்க வேண்டும். சுலபம் என்று ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்தால் மேனுவல் வண்டியைத் தொட முடியாது. ஆசையாக வாங்கிய வண்டி பதின்மூன்றாம் மாதத்தில் வாசலில் சும்மா நிற்கும். ஜெர்மனியில் கெடு இன்னும் குறைவு, 6 மாதம். ஆனால் அங்கே 2021-இலிருந்து ஒரு வழி இருக்கிறது: பயிற்சிப் பள்ளியில் மேனுவல் வண்டியில் குறைந்தது 10 பாடம் ஓட்டிக் காட்டிவிட்டால், தேர்வை ஆட்டோமேட்டிக்கில் கொடுத்தாலும் இரண்டையும் ஓட்டலாம்.

அடுத்தது இன்சூரன்ஸ். புதிதாக வந்தவரைக் கம்பெனி 'வரலாறு இல்லாதவர்' என்றுதான் பார்க்கும், வயது நாற்பதானாலும் சரி. அந்தக் கணக்கோடு ஸ்போர்ட்ஸ் கார் சேர்ந்தால் பிரீமியம் எகிறும். பிரிட்டனில் கார்களை இன்சூரன்ஸுக்காகத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரே மாடலில்கூட எஞ்சினுக்கு எஞ்சின் தரம் மாறும். ஆகவே வண்டி பார்க்கப் போகும் முன்பே மூன்று வண்டிக்குப் பிரீமியம் கேட்டு எழுதி வையுங்கள்: ஆசைப்பட்டது, அதே மாடலில் சின்ன எஞ்சின், ஒரு சாதாரண ஹேட்ச்பேக். தெருவில் நிறுத்துவதா, பூட்டிய கராஜா என்ற பதிலை மாற்றிப் போட்டும் பாருங்கள். துணிக் கூரை வண்டியைத் தெருவில் நிறுத்துவதென்றால் உள்ளே ஒரு சில்லறைக் காசுகூடக் கண்ணில் படக் கூடாது. பூட்டை உடைப்பதைவிடத் துணியைக் கிழிப்பது திருடனுக்குச் சுலபம்.

இப்போது எல்லோரும் பயமுறுத்தும் டிக்கி. விளம்பரத்தில் வரும் லிட்டர் கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஐரோப்பிய முறையில் அதை 20 × 10 × 5 செ.மீ. அளவுள்ள, ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி அளக்கிறார்கள். சக்கர வளைவுக்குப் பக்கத்துச் சந்து பொந்தெல்லாம் கட்டை போகும், பெட்டி போகாது. விமானத்தில் போடும் பெரிய பெட்டி, நீளம் அகலம் உயரம் கூட்டி 158 செ.மீ. என்ற வழக்கமான வரம்பில், 76 × 50 × 32 என்று வைத்தால் ஏறத்தாழ 120 லிட்டர். பெற்றோர் இருவர் ஆளுக்கு இரண்டு பெட்டியோடு வந்தால் 480 லிட்டர். கோல்ஃப் அளவு ஹேட்ச்பேக்கின் 380 லிட்டரில் மூன்று போகும் என்று கணக்கு சொல்லும். நிஜத்தில் இரண்டு போகும், மூன்றாவது மல்லுக்கட்டும். நடுத்தர எஸ்யூவியிலும் நான்கு பெட்டியும் நான்கு ஆளும் என்றால் பின்கண்ணாடி மறைந்துவிடும். எம்எக்ஸ்-5-இன் டிக்கி 130 லிட்டர். அதில் கைப்பெட்டிகள் இரண்டு, அதுவும் மெத்தென்ற துணிப்பையாக இருந்தால் நல்லது. ஆக, பெற்றோர் வரும் அந்த நாளுக்கு எஸ்யூவி வைத்திருப்பவரும் திணறத்தான் செய்கிறார். ஐரோப்பாவில் சாதாரண பி வகை லைசென்ஸிலேயே ஓட்டுநர் உட்பட ஒன்பது பேர் வேனை ஓட்டலாம். இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தால் வேலை முடிந்தது.

அதனால் ஒரு தாளை எடுத்து, போன வருடத்தில் இரண்டு பேருக்கு மேல் வண்டியில் ஏறிய நாட்களையும், இரண்டு பெரிய பெட்டிக்கு மேல் ஏற்றிய நாட்களையும் எண்ணுங்கள். இரண்டும் சேர்ந்து 25 நாளுக்குள் என்றால் இரண்டு சீட்டு வண்டியும் தேவைப்படும்போது வாடகை வண்டியும் போதும். 25 என்பது என் கைக்கணக்கு. ஊரில் வாடகை விலை அதிகமென்றால் குறைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. குழந்தை இருக்கைகளுக்கான ஐநா-வின் ஆர்129 விதிப்படியான இருக்கையில் குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். பின்னோக்கிய இருக்கையை முன்சீட்டில் வைத்தால் அந்தப் பக்க ஏர்பேக் அணைந்திருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அது உயிருக்கு ஆபத்து. இரண்டு சீட் வண்டியில் அணைக்கும் சுவிட்ச் இருக்கிறதா, குழந்தை இருக்கையை மாட்டும் ஐஸோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்பது நாட்டுக்கு நாடு, வருடத்துக்கு வருடம் மாறும். அப்படியே இருந்தாலும் மூன்றாவது ஆள் எங்கே உட்காருவார்? ஆகவே குழந்தையோடு ஒரே வண்டி என்றால் நான்கு சீட். அங்கேயும் ஒரு பொறி: கூப்பே எனும் இரண்டு கதவு வண்டிகளின் பின்சீட் பெயருக்குத்தான். குழந்தை இருக்கையை ஷோரூமுக்கே தூக்கிக்கொண்டு போங்கள். பொருத்திவிட்டு முன்சீட்டில் உங்கள் உயரத்துக்கு உட்கார்ந்து, கிளட்சை முழுசாக மிதித்துப் பாருங்கள். முட்டி டேஷ்போர்டில் இடித்தால் அந்த வண்டி உங்களுக்கில்லை.

இரண்டு சீட்டுக்கும் எஸ்யூவிக்கும் நடுவே ஒரு ஜாதி இருக்கிறது, அதுதான் என் சிபாரிசு: 'ஹாட் ஹேட்ச்', அதாவது சாதாரண ஹேட்ச்பேக்கின் வேகமான வடிவம். கோல்ஃப் ஜிடிஐ 1976-இல் விற்பனைக்கு வந்ததிலிருந்து இதற்காகவே இருக்கிறது. ஒரு டன்னுக்கும் குறைவான எடையுள்ள சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 2023-இல் உற்பத்தி நின்றுபோன ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி போன்றவை பழைய சந்தையில் கிடைக்கும். ஓட்டும் சுகம் குதிரைத்திறனில் இல்லை, எடையில் இருக்கிறது. ஆயிரம் கிலோ வண்டியில் 60 கி.மீ. வேகத்திலேயே வளைவு ருசிக்கும். 1,900 கிலோ வண்டியில் அதே ருசிக்கு 120 போக வேண்டும், போனால் மாட்டிக்கொள்வீர்கள். சுவிட்சர்லாந்தில் 50 எல்லையுள்ள தெருவில் 100 போனால் அபராதத்தோடு முடியாது, குற்ற வழக்கு. விசாவில் இருப்பவர் விளையாடும் இடமில்லை அது.

பனி நாட்டுக்கு எஸ்யூவிதான் பாதுகாப்பு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு சக்கர இழுவை என்பது வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. நிறுத்துவது டயர். கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கிறது. குளிர்கால டயர் போட்ட பின்சக்கர இழுவை வண்டி, கோடை டயரோடு நிற்கும் எஸ்யூவியைவிடப் பனியில் சீக்கிரம் நிற்கும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் பனிப்படிகமும் சேர்ந்த சின்னம் இருக்க வேண்டும். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து வெறும் 'எம்+எஸ்' (சேறும் பனியும்) எழுத்து செல்லாது. ஸ்போர்ட்ஸ் வண்டிக்காரருக்கு இங்கே ஒரு கூடுதல் செலவு. குளிர்காலத்துக்கு ஒரு அங்குலம் சின்ன ரிம் போடலாம் என்று பார்த்தால், பெரிய பிரேக் காலிப்பர் இடிக்கும். வாங்கும் முன்பே எந்த ரிம் உட்காரும் என்று கேளுங்கள்; முடிந்தால் குளிர்கால சக்கரம் நான்கோடும் விற்கும் ஆளிடம் வாங்குங்கள். முன்னும் பின்னும் வெவ்வேறு அகலமுள்ள டயர் என்றால் முன்பின் மாற்றிப் போட முடியாது, பின்ஜோடி சீக்கிரம் தேயும், அதையும் கணக்கில் சேருங்கள்.

சாலையில் உப்பு போடும் ஊரில் பழைய வண்டி வாங்கினால் பட்டறை லிஃப்டில் தூக்கி அடிப்பக்கம் பார்க்காமல் வாங்காதீர்கள். கதவுக்குக் கீழ் ஓடும் சட்டம், பின்சக்கர வளைவு, எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சப்ஃபிரேம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புதுசாகக் கருப்பு ரப்பர் பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். துருவின் மேலேயே அடித்து மறைப்பது பழைய வித்தை. திறந்த கூரை வண்டியில் சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் குழாய்கள் உண்டு. இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கிச் சட்டத்தை உள்ளிருந்தே அரிக்கும். சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டுக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். நீங்கள் போகும்முன்பே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். ஆறிய நிலையில் இரண்டாம் கியர் கரகரக்கிறதா பாருங்கள். பிறகு நான்காம் கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் வண்டியைத் தாழ்த்தியிருக்கலாம், அல்லது அலைன்மென்ட் பார்க்காமல் விட்டிருக்கலாம். தாழ்த்திய ஸ்பிரிங், மாற்றிய சைலன்சர், ஈசியூ எனும் எஞ்சின் கணினியில் மாற்றம் எதுவானாலும் காகிதம் கேளுங்கள். ஜெர்மனியில் அனுமதி இல்லாத மாற்றம் வண்டியின் சாலை அனுமதியையே ரத்தாக்கிவிடக்கூடும். பிரிட்டனில் சொல்லாமல் விட்டால் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம். முந்தைய ஓனர் செய்தது என்ற சாக்கு எங்கேயும் எடுபடாது.

இதைப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. புது வண்டிகளில் சுகமான வண்டியே அருகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து பதிவாகும் எல்லாப் புது காரிலும் வேக எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கும் கருவி கட்டாயம். அதை அணைக்கலாம், ஆனால் அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது தானாகவே உயிர்பெற்று மறுபடி கூவும். பலகையைத் தப்பாகப் படித்துவிட்டும் கூவும். அதே விதிமுறைத் தொகுப்பால்தான் டொயோட்டா ஜிஆர் 86 அங்கே 2022-இல் வந்து 2024-இலேயே விடைபெற்றது. கோல்ஃப் ஜிடிஐ-யும் மேனுவல் கியரைக் கைவிட்டாயிற்று. பாதுகாப்புக்கு எதிரி இல்லை நான். ஆனால் ஏசி சூட்டைக் கூட்டவே கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துத் திரையில் மூன்று முறை தொட வைத்துவிட்டு, பாதுகாப்பு என்று காதருகே மணி அடிப்பது என்ன நியாயம்?

விற்பதைப் பற்றி. ஒப்பந்தம் முடிகிறது என்று ஆபீஸ் சொன்னால் கையில் இரண்டு மூன்று மாதம்தான் இருக்கும். சாதாரண ஹேட்ச்பேக் எந்த மாதமும் போகும். திறந்த கூரை வண்டியைக் குளிர் நாட்டில் வசந்தத்தில் விற்க வேண்டும், நவம்பரில் விற்றால் வந்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். வாங்குவதையும் அப்படியே திருப்பிப் போடுங்கள்: நவம்பரில் வாங்குங்கள். ஸ்டீயரிங் அந்த நாட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் இறக்குமதி வண்டி மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், முந்துவதற்கு எட்டிப் பார்க்க முடியாது, விற்கும்போது வாங்குபவர் பத்தில் ஒருவர். லீஸ் என்றால் மாதத் தவணையைவிட, நடுவில் முறித்தால் எவ்வளவு என்ற பத்தியை முதலில் படியுங்கள்.

அடுத்த நாட்டுக்குக் கூடவே கொண்டுபோகும் எண்ணமிருந்தால் தேதிகள் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே 12 மாதமாவது வசித்து, வண்டியைக் குறைந்தது 6 மாதம் வைத்திருந்து ஓட்டியவர் அதைக் குடிபெயரும் சாமானாகச் சுங்கவரி இல்லாமல் உள்ளே கொண்டுவரலாம். வந்தபின் 12 மாதத்துக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது.

கடைசியாக ஒரு காகிதம். இப்போது இருக்கும் நாட்டை விட்டுக் கிளம்புமுன், உங்கள் பெயர், பாலிசி எண், எத்தனை வருடம் கிளெய்ம் இல்லை என்ற விவரத்தோடு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன இடத்தில் எல்லாக் கம்பெனியும் அதை ஏற்காது. ஏற்கும் ஒன்றைத் தேடிப் பிடித்தால் போதும். விமானம் ஏறிய பிறகு மின்னஞ்சலில் கேட்டு வாங்குவதற்குள் வண்டி வேறொருவருக்குப் போயிருக்கும்.