சுறா விரட்டியைக் கட்டிக்கொண்டால் சுறாவே தேடி வருமா?

கேள்வி: வாரம் மூன்று நாள் அலைச்சறுக்குக்குப் போகிறேன். தண்ணீரில் மின்துடிப்பைப் பரப்பிச் சுறாவை விலகவைக்கும் மின்சாரச் சுறா விரட்டி வாங்க ஆசை. அதன் மின்துடிப்பே எங்கோ இருக்கும் சுறாவை வரவழைத்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். விற்பவரோ, காந்தக் கைப்பட்டையே போதும், விலையும் குறைவு என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே தப்பு. ஆனால் விற்பவர் சொல்வதுதான் ஆபத்தானது.

சுறாவின் மூக்கைக் கிட்டத்தில் பார்த்தால் மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் துளைகள் தெரியும். உள்ளே கூழ் நிறைந்த குழல்கள். இரையின் உடலில் ஓடும் மெல்லிய மின்சாரத்தை அவை மோப்பம் பிடிக்கும், ஆனால் மிகக் கிட்டத்தில்தான். தொலைவில் இருக்கும்போது சுறா நம்புவது வாசனையையும் ஓசையையும். விரட்டியின் மின்புலமும் சில மீட்டருக்குள்ளேயே நீர்த்துப்போகும். அதைத் தாண்டி யாரை அழைப்பது? தென்னாப்பிரிக்காவின் மோசல் விரிகுடாவில் வெள்ளைச் சுறாக்களிடம் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்விலும், அவை ஈர்க்கப்பட்டதற்கு அடையாளமே இல்லை. நண்பர் நிம்மதியாகத் தூங்கலாம்.

இப்போது அந்தக் கைப்பட்டை. காந்தத்தின் பலம் தூரம் கூடக் கூட மடமடவென்று சரியும். மணிக்கட்டில் இருப்பது கணுக்காலை எப்படிக் காக்கும்? 2018இல் வெளியான தெற்கு ஆஸ்திரேலிய ஆய்வில், பலகைக்கு அடியில் இரையைக் கட்டி ஐந்து தயாரிப்புகளைப் பரிசோதித்தார்கள். 44 வெள்ளைச் சுறாக்கள், 297 சோதனைகள். எதுவுமே இல்லாதபோது 96 சதவீதம் இரை சுறாவின் வாய்க்குப் போனது. ஃப்ரீடம் பிளஸ் சர்ஃப் என்ற மின்கருவி இருந்தபோது 40 சதவீதம். காந்தப் பட்டையும், சுறாவை விரட்டும் என்று பலகையில் பூச விற்கும் மெழுகும் சொல்லிக்கொள்ளும்படி எதையும் சாதிக்கவில்லை. இன்னொரு மின்கருவியும் அப்படித்தான்! ஆகவே பெட்டியில் 'எலக்ட்ரானிக்' என்று போட்டிருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

இதில்தான் எனக்கு எரிச்சல். உயிர் காக்கும் பொருள் என்கிறார்கள், ஆனால் விற்பவரே சோதித்து, விற்பவரே மதிப்பெண் போட்டு, விற்பவரே கைதட்டிக்கொள்ளலாம். 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று அட்டையில் அச்சிட மை மட்டும் போதும். கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் நிறுவனத்தைச் சாராதவர்கள், இதே மாடலை, எந்தச் சுறாவிடம் சோதித்தார்கள்? அவர் உடனே தள்ளுபடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நடையைக் கட்டுங்கள்.

ஒரு விதிவிலக்கு, இதை அழுத்தியே சொல்கிறேன். நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் இந்த மின்கருவியைத் தொடக்கூடாது. அதன் துடிப்பு மனித உடலுக்கும் உறைக்கும். மின்முனைக்கு அருகில் கை போனால் சுரீர் என்று இழுக்கும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். 'லேசான ஷாக்தானே, பழகிவிடும்' என்று விற்பவர் சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் இசிஜியை அவரா பார்த்தார்? கருவி பொருத்திய பலகையை இரவல் கொடுக்கும்போதும் வாங்குபவரிடம் இதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சரி, வாங்கலாமா? சோதனையில் தேறிய மாடலாக இருந்தால் வாங்கலாம். அந்த 40 சதவீதத்தை மட்டும் மறக்க வேண்டாம்; கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே போன இரை அது. அப்புறம், இரண்டு மின்முனைகளும் தண்ணீருக்குள் இருந்தால்தான் மின்புலம் உருவாகும். அலைக்காகக் காத்திருக்கையில் பலகையின் வால் மேலே தூக்கிக்கொண்டிருந்தால், நீங்கள் சுமப்பது வெறும் பேட்டரியைத்தான்.