ஸ்காபரோவில் வகுப்பும் தாய்மார் சந்திப்பும்: புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். ஊரில் கணித ஆசிரியை. பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) கிடைத்து, கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதம், கையில் ஒன்றரை வயதுப் பிள்ளை. வீட்டிலிருந்தபடி, வசதியான நேரத்தில் இணையவழி வகுப்பு எடுத்துச் சம்பாதிக்க வேண்டும். அதோடு புதிதாக வந்த தமிழ்த் தாய்மாருக்கு ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கி மாதம் ஒருக்கால் நேரில் சந்திக்க வேண்டும். கடைசியாகக் குளிர் உடுப்பும் பிள்ளைக் காப்பகமும். உடுப்பை விடுங்கோ, முதல் பனி விழுந்த அன்று அது தானாக விளங்கும். காப்பகத்தைக் கடைசியில் சொல்கிறேன். வகுப்பும் குழுவும்தான் பலர் வழுக்கி விழுந்த இடம்.

முதலில் காசு. நான்கு பிள்ளைகள் சேர்ந்த ஒரு வகுப்பு, ஆளுக்கு மணிக்கு 15 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கோ. மணிக்கு 60. வாரம் ஆறு மணி நேரம் என்றால் 360. கோடை விடுமுறையில் ஒருவரும் வரமாட்டார்கள், நத்தாருக்கும் மார்ச் விடுமுறைக்கும் இடைவெளி விழும், ஆகவே வருடத்துக்கு 40 வாரம்தான். மொத்தம் 14,400 டாலர். இந்தத் தொகைக்கு வருமான வரி அனேகமாக வராது. அதை நம்பி எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு ஏப்ரலில் முழிக்கிற ஆக்கள் நிறைய. சுயதொழில் செய்கிறவர் சி.பி.பி. என்ற கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குத் தொழிலாளியின் பங்கையும் முதலாளியின் பங்கையும் தானே கட்ட வேண்டும். முதல் 3,500 டாலரைக் கழித்து மிச்சத்துக்கு 11.9 வீதம். 10,900க்குக் கணக்குப் பாருங்கோ, ஏறக்குறைய 1,297 டாலர். ஒவ்வொரு முறை காசு வரும்போதும் பத்தில் ஒன்றை வேறு கணக்கில் போட்டு வையுங்கோ. படிவம் நிரப்ப ஜூன் 15 வரை அவகாசம் இருக்கிறது, ஆனால் காசு கட்ட வேண்டிய நாள் ஏப்ரல் 30. இந்த இரண்டு திகதியையும் குழப்பி வட்டி கட்டுவது எங்கட ஆக்களின் பழைய வழக்கம்.

சொந்தப் பெயரில் நடத்தினால் பதிவு ஒன்றும் வேண்டாம். "சரஸ்வதி கணித நிலையம்" மாதிரிப் பெயர் வைத்தால் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 60 டாலர் கட்டி ஐந்து வருடத்துக்குப் பதிய வேண்டும். எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி பற்றி யாராவது பயம் காட்டினால் காதில் போடாதீங்கோ. தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் 30,000 டாலரைத் தாண்டும் வரை அது உங்கள் தலையிடி இல்லை. மாகாணப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிச் சொல்லிக்கொடுக்கும் பாடத்துக்கு அந்த வரியே கிடையாது.

"கையில காசா வாங்குங்கோ, ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்ல ஆள் வரும். வாங்கினாலும் கணக்கில் காட்டுங்கோ. வீடு வாங்கப் போகும்போது சுயதொழில் வருமானத்துக்கு வங்கி கேட்பது வரித் திணைக்களத்தின் இரண்டு வருட மதிப்பீட்டுக் கடிதம். காட்டாத காசு அங்கே உதவாது. பிள்ளைக்கான மாதக் கொடுப்பனவும் நீங்களும் கணவரும் ஒவ்வொரு வருடமும் வரிப் படிவம் போட்டால்தான் நிற்காமல் வரும், வருமானமே இல்லாவிட்டாலும். உங்கள் வருமானம் கூடினால் அவர் தன் படிவத்தில் உங்களுக்காகக் கோரும் கழிவு குறையும். அதை முதலே சொல்லி வையுங்கோ, பிறகு வீட்டில் சண்டை வேண்டாம். மாணவர் விசாவில் வந்தவர்கள் இதைப் பார்த்து ஆட வேண்டாம். படிப்பு நடக்கும் காலத்தில் அவர்களுக்கு வாரம் 24 மணி நேரம்தான், இங்குள்ள பிள்ளைகளுக்கு வீட்டுக் கணினியில் எடுக்கிற வகுப்பும் அதற்குள் அடக்கம்.

நேரத்தைப் பற்றி ஒரு விஷயம். "எனக்கு வசதியான நேரம்" என்பது வகுப்புத் தொழிலில் இல்லை. இங்குள்ள பிள்ளைகள் மாலை 5 முதல் 8 வரைதான் இருப்பார்கள், உங்கள் குழந்தை பசித்து அழுவதும் அப்போதுதான். பகலில் நடத்த வேண்டுமானால் லண்டன் பிள்ளைகளைப் பிடியுங்கோ, அவர்களின் மாலை 6 மணி உங்களுக்குப் பகல் 1. ஆனால் மார்ச்சில் எங்கள் கடிகாரம் இரண்டாம் ஞாயிறே மாறிவிடும், அங்கே கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் வித்தியாசம் நான்கு மணித்தியாலம்தான். ஒக்ரோபர் கடைசியிலும் ஒரு வாரம் இப்படி. அந்த வாரங்களில் பெற்றோர் ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கோபத்தோடு செய்தி போடுவார்கள். இரண்டு ஊர் நேரத்தையும் போட்டு ஒரு வாரம் முன்பே எழுதி அனுப்புங்கோ.

பாடத்திலும் கவனம். இங்கே 1 முதல் 8ஆம் வகுப்பு வரைக்குமான கணிதப் பாடத்திட்டம் 2020இலும், 9ஆம் வகுப்புக்கானது 2021இலும் மாறியது. மாகாணத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது, வகுப்பு தொடங்குமுன் முழுக்க வாசியுங்கோ. 3, 6, 9ஆம் வகுப்புகளில் மாகாணச் சோதனை வரும், பெற்றோர் தேடி வருவதும் அந்த வருடங்களில்தான். ஊரில் விடை சரியென்றால் போதும். இங்கே எப்படி யோசித்தாய் என்று பிள்ளை எழுதிக் காட்ட வேண்டும். வாய்ப்பாட்டை மட்டும் வைத்து ஓட்டினால் இரண்டாம் மாதம் தாய் போன் எடுப்பா.

மாதக் காசை முதலாம் திகதிக்கு முன் ஈ-ட்ரான்ஸ்பர் என்ற இணைய வங்கிப் பரிமாற்றத்தில் வாங்குங்கோ, தானாக வைப்பாகும்படி அமைத்து. 24 மணி நேரத்துக்குள் சொல்லாமல் விட்ட வகுப்புக்குக் காசு திரும்பாது என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுங்கோ. ஆசிரியர்களைக் குறிவைக்கும் ஒரு மோசடி இருக்கிறது: வேறு நாட்டிலிருந்து ஒரு தகப்பன், அருமையான ஆங்கிலம், பேரம் பேசாமல் மூன்று மாத முற்பணம். 400 டாலருக்குப் பதில் 1,400க்குக் காசோலை வரும். "தவறிவிட்டது, மிச்சம் 1,000ஐப் பிள்ளையைக் கூட்டி வரும் டிரைவருக்கு அனுப்புங்கள்" என்பார். காசோலை உங்கள் கணக்கில் ஏறினதாகக் காட்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்பும்போது 1,400ஐயும் வங்கி எடுத்துவிடும், நீங்கள் அனுப்பிய 1,000 போனது போனதுதான்.

இனிக் குழு. நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது: "குழுவிலிருந்தே மாணவர்களும் வருவார்கள்தானே?" வருவார்கள். ஆனால் நீங்கள் குழுவில் ஒரு தரம் வகுப்பு விளம்பரம் போட்டால், அடுத்த நாள் வீடு விற்கிறவர் போடுவார். "நீங்கள் போடலாம், நான் போடக்கூடாதா?" என்றால் உங்களிடம் பதில் இருக்காது. அவருக்குப் பின்னால் ஆயுட்காப்புறுதி, அதற்குப் பின்னால் ஆள் சேர்த்தால் காசு என்று பவுடர் டப்பாவோடு ஒருவர். புதிதாக வந்த தாய்க்கு ஊர் ஞாபகம், தனிமை, கையில் கொண்டு வந்த கொஞ்சச் சேமிப்பு. இந்த ஆக்களுக்கு அதன் வாசம் தூரத்திலேயே அடிக்கும். கெட்ட ஆக்கள் என்று சொல்லமாட்டேன், வாரம் எத்தனை பெயர் பிடித்தாய் என்று மேலே ஒருவர் அவர்களையும் நெருக்குகிறார். ஆகவே வகுப்புக்கு வேறு நம்பர், குழுவுக்கு வேறு நம்பர். குழுவில் உங்கள் வகுப்பு உட்பட விற்பனை ஒன்றும் இல்லை என்பதை அறிமுகக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதுங்கோ.

சாதாரண வட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். ஒரு முகவர் உள்ளே வந்தால் பத்து நிமிடத்தில் நூறு தாய்மாரின் நம்பரை எடுத்துக்கொண்டு போவார். அதனால் "கம்யூனிட்டி" வகையில் தொடங்குங்கோ. அதன் அறிவித்தல் பகுதியில் அங்கத்தவரின் நம்பர் மற்ற அங்கத்தவர்களுக்குத் தெரியாது, நடத்துகிறவர்களுக்கு மட்டும்தான். சேரக் கேட்கிறவரை நீங்கள் அனுமதிக்கும்படி வைத்து இரண்டு கேள்வி கேளுங்கோ: எப்போது வந்தீர்கள், பிள்ளைக்கு என்ன வயது. முகவர்கள் இரண்டாவதிலேயே தடுமாறுவார்கள்.

சீட்டு பிடிக்கிற கதை மூன்றாம் சந்திப்பில் வரும், எழுதி வையுங்கோ. இருபது பேர், மாதம் 500, நல்ல ஆக்கள்தானே என்று. முதல் கழிவிலேயே எடுத்தவர் ஆறாம் மாதம் கல்கரிக்கு வீடு மாறுவார். கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது, எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் அவர்களைச் சேர்த்து வைத்தது நீங்கள். குழுவின் பெயரில் சீட்டு இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கோ.

இடம் பிடிக்க அவசரப்படாதீங்கோ. நகர சபையின் மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுக்கப் போனால் 20 லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்புறுதி கேட்பார்கள். முதல் மூன்று சந்திப்பை ஏர்லி-ஒன் நிலையத்தில் வையுங்கோ. ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமான மாகாண நிலையம், இலவசம், விளையாட்டுச் சாமான் கிடக்கும், தரை சுத்தம். ஐந்தாறு தாய்மார் ஒரே நேரத்தில் போனால் அதுவே சந்திப்பு. பெருகினால் செடர்பிரே, மல்வேர்ண், அஜின்கோர்ட் நூலகக் கிளைகளில் அறை விசாரியுங்கோ. சனி காலை வேண்டாம், மூத்த பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. சனி, ஞாயிறு மாலை ஏதாவது மண்டபத்தில் சாமத்தியவீடோ பிறந்தநாளோ இருக்கும், நாங்கள் அதில் உலகச் சாதனை படைத்த சனம். வார நாளில் 10:30 முதல் 12 வரை சரி, பிறகு பிள்ளைகளுக்கு நித்திரை. 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு ஸ்காபரோ ரயிலை மூடிவிட்டார்கள், அந்தப் பாதையில் பஸ்தான். தள்ளுவண்டியோடு இரண்டு பஸ் மாறி ஒருவரும் வரமாட்டார், ஒரே பஸ்ஸில் வரக்கூடிய இடமாகப் பாருங்கோ. 40 பேர் வருகிறேன் என்றால் 12 பேருக்கு ஆயத்தமாகுங்கோ, ஜனவரியில் ஆறு. எத்தனை பேர் வந்தாலும் அதே கிழமை, அதே நேரம், அதே இடம். மாதாமாதம் மாற்றுகிற குழுக்கள் நான்காம் மாதத்தில் படுத்துவிடும்.

வீட்டில் செய்த றோல்ஸைக் கொண்டு வந்து காசுக்கு விற்க விடாதீங்கோ. கேக், பிஸ்கட், ஊறுகாய் மாதிரிக் குளிரூட்டத் தேவையில்லாத சாமானை வீட்டில் செய்து விற்கச் சுகாதாரப் பிரிவில் சொன்னால் வழி இருக்கிறது. இறைச்சி வைத்த றோல்ஸுக்கு விதி கடுமை. அதோடு யாருக்குக் கச்சான் ஒவ்வாமை என்று முதலே கேளுங்கோ.

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுனின் மாடிக் கட்டிடங்களில் ஒரு அறைக்கு ஐந்து பேராகக் கிடந்த சனத்துக்கு வட்ஸ்அப்பா இருந்தது? மளிகைக் கடைக் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், அடியில் போன் நம்பரைக் கீலம் கீலமாக வெட்டி, கிழித்துக்கொண்டு போக. அப்படிக் கூடித்தான் ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் எல்லாம் வந்தன. பிறகு ஒரே பள்ளிக்கூடத்துக்கு இரண்டு சங்கம், இரண்டு கலைவிழா. பிரிந்ததற்குக் கொள்கை என்று மேடையில் சொல்வார்கள். கிட்டப் போய்க் கேட்டால் ரிக்கற் விற்ற காசின் கணக்குக் கொப்பி யாரிடம் என்பதுதான். அதனால் நூலக அறைக்கு ஆளுக்கு இரண்டு டாலர் சேர்த்தாலும், சேர்ந்தது, கட்டினது, மிச்சம் என்று மூன்று வரியை அன்றிரவே ரசீதின் படத்தோடு குழுவில் போடுங்கோ.

காப்பகம் கேட்டிருந்தீர்கள். அரசுத் திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு நாளைக்கு 22 டாலருக்கு மேல் அடிப்படைக் கட்டணம் வாங்க முடியாது. அதனால்தான் வரிசை நீளம். இன்றைக்கே மூன்று நான்கு இடத்தில் பெயரைக் கொடுங்கோ, பிறகு சமூக சேவைத் தகவல் இலக்கமான 211க்குப் போன் எடுத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கோ.