டபுள்டே முதல் பதிப்பா, புக் கிளப் பிரதியா?

கேள்வி: ஸ்டீஃபன் கிங்கின் நாவல் ‘கேரி’ (1974), ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் தன்வரலாறு ‘மியூசிக் இஸ் மை மிஸ்ட்ரஸ்’ (1973). இரண்டும் டபுள்டே வெளியிட்டவை, இரண்டும் முதல் பதிப்பு என்கிறார் அமெரிக்க வியாபாரி ஒருவர். எலிங்டன் கையெழுத்தும் உண்டாம். பணம் அனுப்புமுன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முன்னட்டைப் படம் மட்டும் போதாது. டபுள்டே புக் கிளப்பும் (உறுப்பினர்களுக்குத் தபாலில் மலிவுப் பதிப்பு அனுப்பும் திட்டம்) நடத்திய நிறுவனம். கிளப் பிரதியும் கடைப் பிரதியும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நான்கு படங்கள் கேளுங்கள்: பதிப்புரிமைப் பக்கம், மேலுறையின் முன் உள்மடிப்பு முழுசாக, மேலுறையின் பின்பக்கம், மேலுறையைக் கழற்றிய பின்னட்டை.

பதிப்புரிமைப் பக்கத்தில் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்ற வரி இருக்க வேண்டும். மறு அச்சில் டபுள்டே அதை எடுத்துவிடும். ‘கேரி’க்கு இன்னொரு சோதனை உண்டு. 199ஆம் பக்கத்தில், தையலை ஒட்டிய உள்விளிம்பில் ‘பி6’ என்று பொடியாக அச்சிட்டிருக்கும் (‘பி’ ஆங்கிலத்தின் 16ஆவது எழுத்து). எழுத்து, அச்சான ஆண்டாகிய 1974ஐயும் எண் அவ்வாண்டின் ஆறாவது வாரத்தையும் குறிக்கும். கிளப் பிரதிகளிலும் இத்தகைய குறியீடு உண்டு என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

உள்மடிப்பின் மேல்மூலையில் விலை இருக்கிறதா? ‘கேரி’க்கு 5.95 டாலர். கிளப் பிரதியில் விலை இராது; கீழ்மூலையில் ‘புக் கிளப் எடிஷன்’ என்றிருக்கும். அந்த மூலையைக் கத்தரித்துவிட்டு விற்பவர்கள் உண்டு. இரு மூலையும் வெட்டுப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள். பின்னட்டையின் கீழ்ப்பக்கம் மையில்லாமல் அழுத்திய சிறு புள்ளியோ சதுரமோ தெரிந்தாலும் அது கிளப் சரக்கே.

புத்தகம் அசலாக இருந்து, மேலுறை மட்டும் கிளப் பிரதியிலிருந்து மாற்றிப் போட்டதாக இருக்கலாம். இந்தத் தில்லுமுல்லு சகஜம். மேலுறையே இல்லையென்றால் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

கையெழுத்து விஷயத்தில் தேதிதான் முதல் சாட்சி. எலிங்டன் 1974 மே 24 அன்று காலமானார். நூல் வந்ததோ 1973இல். அந்தக் குறுகிய காலத்துக்குள் போட்டதாக இருந்தால்தான் உண்டு. தேதியிட்டிருந்தால் ஒப்பிடுங்கள். தனித்தாளில் வாங்கி ஒட்டிய கையெழுத்துக்குப் புத்தகத்திலேயே இட்டதன் விலையைத் தராதீர்கள்.