நாவல் வழியாக ஆங்கிலச் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், தமிழ் மீடியத்தில் படித்தவன். எந்த நாவலில் ஆரம்பிக்கலாம்?

பதில்: வாங்குவதற்கு முன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். ஐந்தும் மடங்கிய பிறகும் பக்கம் மிச்சமிருந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். நூற்றுக்கு இரண்டு சொல் தெரியாவிட்டால் சுற்றியுள்ளதை வைத்து ஊகிக்கலாம். அதற்கு மேல் போனால் பிடிமானம் இருக்காது. அசல் நாவல்களில் அந்த அளவைத் தொட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்பது மொழியியலாளர் பால் நேஷனின் 2006 கணக்கு. 'ஹேப்பி', 'அன்ஹேப்பி', 'ஹேப்பினஸ்' மூன்றும் சேர்ந்து ஒரே குடும்பம்.

அதனால் முதலில் ஆக்ஸ்போர்டு புக்வார்ம்ஸ் மாதிரி சுருக்க நாவல்கள். முதல் நிலைக்கு 400 அடிப்படைச் சொற்கள், மூன்றாவதுக்கு 1,000, ஆறாவதுக்கு 2,500. அங்கிருந்து அசலுக்குத் தாவும் இடம்தான் பள்ளம். அதைத் தாண்ட ஆர்.கே. நாராயணின் 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நல்ல பாலம். பள்ளிக்கூடம், பாட்டி, கிரிக்கெட் எல்லாம் நமக்குத் தெரிந்த உலகம்; சொல் புதிது, காட்சி பழசு.

கேள்வி: ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் கதையே நகரமாட்டேன் என்கிறது, மேடம்.

பதில்: புரட்டாதீர்கள். (மேடம் இல்லை, சார்தான்!) பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவுதான். அதே சொல் மூன்றாம் முறை வந்தாலோ, அது புரியாமல் யார் என்ன செய்தார் என்பதே விளங்காவிட்டாலோ மட்டும் பாருங்கள். ஹெமிங்வேயின் 'தி ஓல்டு மேன் அண்ட் தி ஸீ' முதல் வாக்கியத்திலேயே 'ஸ்கிஃப்' வருகிறது. கிழவர் அதில் தனியாக மீன் பிடிக்கிறார். ஏதோ சின்னப் படகு என்று எடுத்துக்கொண்டு போய்விடலாம். 'ஹார்பூன்' (பெரிய மீனைக் குத்தும் ஈட்டி) போன்ற சொற்களை நோட்டில் ஏற்றாதீர்கள். அந்தக் கதைக்கு வெளியே அபூர்வமாகத்தான் உதவும்.

கேள்வி: நோட்டில் 600 சொல் எழுதினேன். பாதிக்கு மேல் மறந்துவிட்டது.

பதில்: சொல், பக்கத்தில் தமிழ் அர்த்தம் என்று எழுதியிருப்பீர்கள். அது நிற்காது. 'ஹெவி' என்றால் கனம் என்று மட்டும் படித்தவர், பலத்த மழையை 'ஸ்ட்ராங் ரெயின்' என்பார். 'ஹெவி ரெயின்' என்று ஜோடியாகவே எழுதுங்கள். நாளுக்கு ஐந்து போதும். அர்த்தத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மறுநாள், நான்காம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்துச் சொல்லிப் பாருங்கள். வெறுமனே திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரி இருக்கும், பேசும்போது வாயில் வராது.

கேள்வி: எல்லாச் சொல்லும் தெரிகிறது, வாக்கியம் மட்டும் புரியவில்லை!

பதில்: 'புட்', 'அப்', 'வித்' மூன்றும் சின்ன வகுப்புச் சொற்கள். சேர்ந்தால் 'பொறுத்துக்கொள்' என்று அர்த்தம். 'கிவ் அப்' கைவிடுவது, 'கிவ் இன்' பணிந்துபோவது. கிண்டில் மின்னூல் கருவியில் ஒற்றைச் சொல்லில் விரல் வைத்தால் அந்தச் சொல்லின் அர்த்தம்தான் வரும். வினையோடு ஒட்டிய குட்டிச் சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்.

கேள்வி: உச்சரிப்பு?

பதில்: படிப்பதால் மட்டும் வராது. கடனைக் குறிக்கும் 'டெட்'டை 'டெப்ட்' என்றும், 'கர்னல்' என்பதைக் 'கலோனல்' என்றும் மனதுக்குள் படித்துப் பழகிவிட்டால் திருத்துவது கஷ்டம். நோட்டில் ஏற்றும் ஐந்து சொல்லையும் அன்றே அகராதி ஆப்பில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.