கொக்கும் கொங்கணவரும்

அன்புள்ள ஐயா,

நான் கணக்கெழுதும் பணியில் இருக்கிறேன். படுக்கையில் இருக்கும் என் தாயாரைக் கவனித்துக்கொள்வதும் நான்தான். முன்பு விடியற்காலையில் ஒரு மணி நேரம் தியானத்தில் அமர்வேன். இப்போது அந்த நேரம் துணி அலசுவதிலும் மருந்து கொடுப்பதிலும் கழிந்துவிடுகிறது. அன்றாட வேலையைக் கண்ணியத்துடன் செய்வதே ஆன்மிகம் என்கிறார்கள் நண்பர்கள். அது உண்மையா, அல்லது வேறு வழியில்லாதவனுக்குச் சொல்லப்படும் ஆறுதலா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஐயம் நியாயமானது. இந்த அறிவுரையைச் சொல்பவர்களில் பலர் தங்கள் துணிகளை அலசும் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து பேசுபவர்கள். ஆகவே, ஒரு வேலையைப் புகழ்பவர் அதைத் தன் கையால் செய்கிறாரா என்று முதலில் பார்ப்பது என் வழக்கம்.

1223இல் சீனாவுக்குச் சென்ற ஜப்பானியத் துறவி டோகென், அங்கே ஒரு மடத்தில் 68 வயதான தலைமைச் சமையற்காரத் துறவி, முதுகு வில்லாக வளைந்திருக்க, தலையில் தொப்பிகூட இல்லாமல், கொளுத்தும் வெயிலில் காளான் உலர்த்திக்கொண்டிருப்பதைக் கண்டார். பணியாளரிடம் விட்டுவிடலாமே என்று கேட்டதற்கு, மற்றவர்கள் நான் அல்லவே என்றார் முதியவர். சரி, இந்த உச்சிவெயிலில் ஏன் என்றதற்கு, வேறு எந்த நேரத்துக்காகக் காத்திருப்பது என்று திருப்பிக் கேட்டார். இளைஞர் வாயடைத்துப் போனார். 1237இல் மடத்துச் சமையற்காரர்களுக்கென்றே டோகென் எழுதிய நூலில், இந்தப் பொறுப்பு பயிற்சியில் முதிர்ந்தவர்களுக்கே அளிக்கப்பட்டு வந்தது என்கிறார். தன் நாட்டு மடமொன்றில் அப்பதவியில் இருந்தவர் சமையலறைப் பக்கமே போகாததைக் கண்டு வருந்தவும் செய்கிறார். வேறு வழியில்லாதவனுக்கான ஆறுதல் என்றால், அதை மூத்தவர்களுக்கென்று ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

நம்மிடமும் 'கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா' உண்டு. பார்வையால் கொக்கை எரித்த தவசி, பிச்சையிடத் தாமதித்த பெண்ணை முறைத்துத் தோற்றுப்போன கதை. (மனைவியின் பணிவிடையை மட்டும் மெச்சுவதற்கு இக்கதையைப் பயன்படுத்துபவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை.) இதன் மகாபாரத வடிவத்தில் அந்தப் பெண் அவனை மிதிலையில் இறைச்சி விற்கும் தருமவியாதனிடம் அனுப்புகிறாள். அவனோ வந்தவனை வீட்டுக்குள் அழைத்துச் சென்று, முதிய தாய் தந்தையரைக் காட்டி, இவர்களே என் தெய்வங்கள் என்கிறான். பல ஆண்டுத் தவம் அந்தத் தவசியின் எரிச்சலைத் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு இக்கதையில் முக்கியம்.

உங்கள் எரிச்சலையும் அங்கேதான் பார்க்கச் சொல்வேன். தாயாரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது, இழந்த தியான நேரத்தை மனம் எண்ணினால் கை முரட்டுத்தனமாகிவிடும். அவருக்கு அது தெரியும். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுவது, உடை மாற்றும்போது கதவைச் சாத்துவது, அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மூன்றாமவரைப் போலப் பேசாதிருப்பது. கண்ணியம் என்று நான் சொல்வது இவ்வளவுதான். ஒரே நாளில் நாற்பது முறை தவறும். தவறியதைக் கவனிக்கும் மனம், மூச்சைக் கவனித்துப் பழகிய அதே மனம்தான்.

அதற்காக அந்த ஒரு மணி நேரத்தைத் துறக்க வேண்டியதில்லை. உடன்பிறந்தவர்கள் இருந்தால், வாரத்தில் இரண்டு விடியற்காலைகளையாவது ஏற்றுக்கொள்ளும்படி அவர்களிடம் கேளுங்கள். தயங்காமல், இந்த வாரமே கேளுங்கள்.