ஹரோவில் அம்மாவின் வீடு: மகன் பேருக்கு எழுதலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 81 வயது. லண்டன் ஹரோவில் தன் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். போன மாதம் விழுந்த பிறகு குளிக்க, உடுப்பு மாற்ற ஆள் தேவைப்படுகிறது. அவர் பேரில் 18,400 பவுண்டு சேமிப்பு. தம்பியோடு கூட்டுக் கணக்கில் 9,000. யாழ்ப்பாணத்தில் சகோதரங்களோடு பிரிக்காத காணி ஒன்றும் இருக்கிறது. வீடு இருந்தால் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) பராமரிப்புச் செலவுக்கு உதவாது, 7 வருடத்துக்கு முன்பே தம்பி பேருக்கு மாற்றியிருக்க வேண்டும் என்கிறார்கள். இப்போதாவது எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். அம்மா அந்த வீட்டில் இருந்துகொண்டே பராமரிப்புப் பெறும்வரை, இங்கிலாந்தில் எந்தக் கவுன்சிலும் அதன் பெறுமதியைக் கணக்கில் எடுக்காது. அவர் நிரந்தரமாகப் பராமரிப்பு இல்லத்துக்குப் போனால்தான் அந்தக் கேள்வியே எழும். அந்தப் பயத்தில் இப்போது மாற்றினால், செலவைத் தவிர்க்கவே கொடுத்தார் என்று முடிவுசெய்து, வீடு இன்னும் அவருடையது போலவே பின்னாளில் கணக்குப் போடலாம். அதற்குக் காலவரம்பு கிடையாது. 7 வருடம் என்பது வாரிசுரிமை வரிக்கான விதி. இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டை எழுதிக்கொடுப்பவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. நாளை தம்பிக்கு ஒரு விவாகரத்தோ கடனோ வந்தால் அம்மா எங்கே போவார்?

நீங்கள் கவனிக்க வேண்டியது சேமிப்பை. 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அம்மாவுடையது. 14,250க்குக் கீழே உள்ளதைத் தொடமாட்டார்கள். இடைப்பட்ட தொகையில் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும், மிச்சமாக நிற்கும் பகுதிக்கும், வாரம் 1 பவுண்டு வருமானம் வருவதாக வைத்துக்கொள்வார்கள். இந்த வரம்புகள் 2010இலிருந்து அசையவே இல்லை. விலைவாசி ஏறிய இத்தனை வருடத்தில் இது பெரிய அநியாயம்.

கூட்டுக் கணக்கை வழக்கமாகச் சரிபாதியாகப் பிரிப்பார்கள். அப்படியானால் அம்மாவிடம் 22,900; வரம்புக்குள் வந்துவிடுகிறார், வாரம் 35 பவுண்டு வருமானமாகச் சேரும். ஆனால் அந்த 9,000மும் அம்மாவின் பென்ஷன் பணம், தம்பியின் பெயர் வசதிக்காக மட்டும் போட்டது என்றால், அதை மறைக்காதீர்கள். மொத்தம் 27,400 ஆகி, வரம்புக்கு மேலே 4,150 நிற்கும். அது பராமரிப்பிலேயே கரையட்டும். 23,250ஐ நெருங்கும்போதே கவுன்சிலுக்குச் சொல்லுங்கள். ரசீதுகளை வைத்திருங்கள்.

காணியையும் சொல்லத்தான் வேண்டும், வெளிநாட்டுச் சொத்தும் சொத்துதான். ஆனால் பிரிக்காத காணியில் ஒரு பங்கை இன்று யார், என்ன விலைக்கு வாங்குவார் என்பதே அதன் பெறுமதி. வாங்க ஆளில்லாத பங்குக்குப் பெறுமதி மிகக் குறைவாகவே நிற்கலாம். ஊரிலிருந்து எழுத்தில் ஒரு மதிப்பீடு எடுங்கள். அம்மா காலங்காலமாகப் போட்டிருக்கும் நகைக்குப் பயப்பட வேண்டாம். அது கணக்கில் இல்லை.

இதற்கிடையில் அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கு, அதாவது அன்றாடம் உதவி தேவைப்படும் முதியோருக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு, விண்ணப்பியுங்கள். அதற்குச் சேமிப்பு, வருமானம் எதுவும் தடையில்லை. ஆனால் உதவி 6 மாதமாகத் தேவைப்பட்டிருக்க வேண்டும்; அம்மாவுக்குப் போன மாதம்தான் தொடங்கியது என்றால், அந்தக் காலம் ஆகும்வரை பணம் வராது. 2025-26இல் வாரம் 73.90 பவுண்டு, இரவும் பகலும் துணை வேண்டுமென்றால் 110.40. கவுன்சில் இதை வருமானமாகச் சேர்க்கும். ஆனால் உடல்நிலையால் கூடும் செலவுகளை, உதாரணமாக அதிகப்படியான சலவை, ஹீட்டிங், கழித்துவிட வேண்டும். அந்தப் பில்களை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள்.

பணக்கணக்குக்கு முன் அம்மாவுக்கு என்ன உதவி தேவை என்று பார்க்கும் மதிப்பீட்டைக் கேளுங்கள். எவ்வளவு பணம் இருந்தாலும், 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி அதை மறுக்க முடியாது. அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருங்கள். வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர் போட எழுந்துகொண்டே, “எனக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாம் நானே செய்வேன்” என்று அம்மா சொல்லக்கூடும். குளியலறையில் நடப்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.