பத்திரம் இருக்கிறது, வீடு கட்ட அனுமதி இல்லை: 2011-ல் வாங்கிய மனைக்கு என்ன வழி?

கேள்வி: 2011-ல் திண்டிவனம் அருகே ஒரு கிராம ஊராட்சியில் 1,200 சதுர அடி மனை வாங்கினேன். பத்திரப்பதிவு முறையாக நடந்தது. லேஅவுட் வரைபடத்தில் அப்போதைய ஊராட்சித் தலைவரின் முத்திரையும் இருக்கிறது. பணி ஓய்வுப் பணத்தோடு கொஞ்சம் கடன் வாங்கி வீடு கட்டலாம் என்றால், ‘அப்ரூவல் இல்லாத மனை’ என்று வங்கி கைவிரிக்கிறது. ஊராட்சியிலும் பிளானை வாங்க மறுக்கிறார்கள். மகள் பெயருக்கு ஒரு செட்டில்மென்ட் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் புரோக்கர். முதலில் சின்னதாகக் கட்டிவிடுங்கள், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்கிறார் மேஸ்திரி. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் பேச்சையும் கேட்காதீர்கள் ஐயா.

பத்திரப்பதிவு வேறு, மனை அங்கீகாரம் வேறு. இன்னாரிடமிருந்து இன்னார் வாங்கினார் என்பதைச் சார்பதிவாளர் பதிந்து வைக்கிறார். அந்த நிலத்தை மனைகளாகப் பிரிக்கலாமா, வீடு கட்டலாமா என்பது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி திட்டக் குழுமமோ நகர் ஊரமைப்புத் துறையோ முடிவு செய்ய வேண்டியது. ஊராட்சித் தலைவரின் முத்திரை அந்த அனுமதிக்கு ஈடாகாது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான மனைகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. 2011-ல் அரசு உங்களிடம் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் வாங்கிக்கொண்டது, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் அனுமதியில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்கிற பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. பிரித்து விற்றவர் லாபத்தோடு போய்விட்டார். சுமை கடைசியில் வாங்கியவர் தலையில் விழுந்தது. இது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனாலும் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது.

2017 மே மாதம் அரசு வெளியிட்ட வரன்முறை விதிகள் (அங்கீகாரமற்ற மனைகளைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தும் விதிகள்) அந்த 20.10.2016-ஐத்தான் எல்லைக்கோடாக வைத்தன. அதற்கு முன்பே பத்திரம் பதிந்த மனை என்பதால் நீங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறீர்கள்.

இனி, உங்கள் பத்திரத்தை எடுத்து சொத்து விவரத்தைப் படியுங்கள். அதில் ‘மனை எண் 14, 1,200 சதுர அடி’ என்பதுபோல எழுதியிருக்கிறதா, அல்லது ‘புஞ்சை நிலம் இரண்டே முக்கால் சென்ட்’ என்று எழுதியிருக்கிறதா? அளவு ஒன்றுதான், ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல. அந்த 22-ஏ பிரிவே, ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவானதென்று காட்டினால் மறுபடி பதியலாம் என்று விலக்கும் தருகிறது. அந்தக் காலத்தில் மதிப்பைக் குறைத்துக் காட்டப் பலர் விவசாய நிலம் என்றே எழுதிப் பதிந்தார்கள். உங்கள் பத்திரமும் அப்படியென்றால் விற்கும்போதும் வரன்முறைக்குப் போகும்போதும் சிக்கல் வரும். பத்திரத்தோடு இணைத்த மனை வரைபடம், விற்றவரின் மற்ற பத்திரங்கள், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் பேச வேண்டியிருக்கும்.

புரோக்கர் சொன்னதில் பாதி உண்மை. பத்திரத்தில் மனை என்று இருந்தால் மகளுக்கு செட்டில்மென்ட் பதிய முடியும். ஆனால் அது பெயரை மாற்றுமே தவிர மனைக்கு அங்கீகாரம் தராது. எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட்டை நினைத்தபோது ரத்து செய்யவும் முடியாது. வரன்முறை முடியட்டும், பிறகு மகளுக்கு எழுதிக்கொடுங்கள்.

மேஸ்திரி சொன்னதுதான் அதிக ஆபத்து. அனுமதியின்றிக் கட்டினால் பூட்டி முத்திரை வைக்கவும் இடிக்கவும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் அதிகாரம் இருக்கிறது. விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்தும் அதே சட்டத்தின் 113-சி பிரிவு 1.7.2007-க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டும்தான். நீண்ட காலம் குடியிருந்தோம், நிறையச் செலவு செய்தோம் என்பதெல்லாம் சட்டவிரோதக் கட்டடத்தைக் காப்பாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஓய்வுப் பணத்தை அந்த அஸ்திவாரத்தில் கொட்டாதீர்கள்.

அடுத்து, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போய் ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் லேஅவுட் முழுவதன் அமைப்புக்கும் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறதா? அந்த ஒப்புதலை யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால், தனி மனைக்கு மட்டும் நீங்கள் விண்ணப்பித்தால் போதும். இல்லையென்றால் மனை வாங்கியவர்கள் சேர்ந்து முயல வேண்டும். பிரித்து விற்றவரைத் தேடி அலைய வேண்டாம். விண்ணப்பிக்கும் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருப்பதால், இன்றைய நிலையையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் சதுர மீட்டர் கணக்கில் வரும். உங்கள் மனை ஏறக்குறைய 111.5 சதுர மீட்டர். மாநகராட்சியைவிட ஊராட்சியில் கட்டணம் குறைவு.

ஆனால் பணம் கட்டும் முன் நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்தையும், நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் ஏரி வாய்க்கால்கள் அதிகம். மனை நீர்நிலையிலோ புறம்போக்கிலோ விழுந்தால் வரன்முறை கிடையவே கிடையாது. எந்த அதிகாரியும் தர முடியாது, தரவும் கூடாது.

வரன்முறை ஆணை கையில் வந்துவிட்டால் பாதை எளிது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடிவரை தரைத்தளமோ ஒரு மாடியோ கட்ட இணையவழியில் உடனே அனுமதி வாங்கலாம். பரிசீலனைக் கட்டணமும் இல்லை. வங்கியிடம் அதற்குப் பிறகு போங்கள்.

விற்றவர்மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றும் மனதில் தோன்றியிருக்கும். அங்கீகாரமும் வசதிகளும் செய்து தருவதாகச் சொல்லி மனை விற்பது நுகர்வோர் சட்டத்தின்படி சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் புகாருக்குக் காலவரம்பு 2 ஆண்டுகள். உங்கள் கொள்முதல் நடந்து அதைப்போலப் பல மடங்கு காலம் ஓடிவிட்டது. எழுத்தில் வாக்குறுதி ஏதும் இல்லாத நிலையில் அந்த வழக்குக்குச் செலவு செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பத்திரத்தில் ‘புஞ்சை’ என்று இருந்தாலோ, வரைபடத்தில் வாய்க்கால் கோடு உங்கள் மனையைத் தொட்டாலோ, எந்தக் கட்டணமும் கட்டாமல் இரண்டின் நகல்களோடு மறுபடி எழுதுங்கள்.